ஹேசல் கன்று வாங்கப் போகிறீர்களா? பிரிட்டன் தோட்டத்தில் கொட்டை காய்க்க வைப்பதற்கான வழி

பிரிட்டன் மண்ணில் ஹேசல்நட் கொட்டை தரும் ஹேசலை வளர்ப்பதற்கு எந்தத் திறமையும் வேண்டாம். வேலியோரத்திலும் காட்டோரத்திலும் தானாகவே முளைத்துத் தூர்விடும் செடி அது. பாடெல்லாம் இரண்டே இடத்தில்: அதைக் காய்க்க வைப்பது, காய்த்ததை அணில் தொடுமுன் நாம் பறிப்பது. எட்டு வருடம் இலையை மட்டும் பார்த்துவிட்டு, கடைசியில் கோடரியைத் தூக்குகிறவர்கள் பலர். பெரும்பாலும் தவறு வளர்ப்பில் இருக்காது. கன்று வாங்கிய அன்றே நடந்திருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் வாங்குவதற்கு முந்திய படிகள்தான் நீளம்.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடலாம். குறைந்தது இரண்டு கன்று, ஒவ்வொன்றுக்கும் 4 மீட்டர் குறுக்களவு இடம், கூண்டு போடாவிட்டால் 60 முதல் 100 பவுண்டு, முதல் கைப்பிடிக் கொட்டைக்கு மூன்று நான்கு வருடம். இது ஒத்துவராவிட்டால் ஆகஸ்டில் தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் பக்கத்துப் பண்ணைக் கடைகளில் பச்சைக் கொட்டையாகவே வாங்கிச் சாப்பிடலாம், அதுவும் நல்ல ஏற்பாடுதான்.

1. பெயர் பார்த்து ஏமாறாதீர்கள்

நர்சரியில் ‘ஹேசல்’ என்று எழுதி விற்கும் எல்லாமே கொட்டை தருவதில்லை. பெயர்களின் பொருள் தெரிந்தால் பாதித் தவறு குறையும்.

தாவரவியல் பெயர் கோரிலஸ் அவெல்லானா. கோரிலஸ் என்பதற்குத் தலைக்கவசம் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லை மூலமாகச் சொல்வார்கள். கொட்டையின் தலையில் கவிழ்ந்திருக்கும் இலைபோன்ற மேலுறைதான் அந்தக் கவசம். அவெல்லானா என்பது இத்தாலியில் நேப்பிள்ஸுக்குப் பக்கத்திலுள்ள அவெல்லா ஊரின் பெயர். லேபிளில் இந்த இரண்டு சொல்லும் இருந்து, கூடவே ரகப் பெயர் எதுவும் இல்லையென்றால், அது வேலிக்கு நடும் காட்டு ஹேசல். காய்க்கும், ஆனால் கொட்டை சிறிது, விளைச்சலும் நிச்சயமில்லை.

கொட்டைக்காக வளர்க்கும் ஹேசலில் காப்நட், ஃபில்பர்ட் என்று இரண்டு வகை. இரண்டையும் அந்த மேலுறையை வைத்தே பிரிக்கிறார்கள். உறை குட்டையாக இருந்து கொட்டையின் மூக்கு வெளியே தெரிந்தால் காப்நட். நீண்டு கொட்டையை முழுக்க மூடிக் குழாய் போல இறங்கினால் ஃபில்பர்ட். தாவரவியலில் கோரிலஸ் மாக்ஸிமா. ஃபில்பர்ட் என்ற பெயர் புனித ஃபிலிபெர்ட்டிடமிருந்து வந்தது. அவருடைய திருநாள் ஆகஸ்ட் 20, கொட்டை பறிக்கத் தொடங்கும் பருவமும் அதுவே. தேதியே பெயராகிவிட்டதால் நினைவில் வைப்பது எளிது. வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனில் மிகவும் பேர்பெற்ற ‘கென்டிஷ் காப்’ உண்மையில் காப் அல்ல, ஃபில்பர்ட். ‘காப் ஒன்று, ஃபில்பர்ட் ஒன்று’ என்று கேட்டு வாங்குகிறவர் கையில் ஒரே ரகம் இரண்டு வந்து சேரும் ஆபத்து இதனால்தான். பொதுப்பெயரை விட்டுவிட்டு ரகப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கொட்டைக்காக வாங்கக் கூடாதவை இவை:

விட்ச் ஹேசல். பெயரில் மட்டும்தான் ஹேசல், குடும்பமே வேறு. குளிர்காலத்தில் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ பூக்கும் அழகுச் செடி. தின்னத்தக்க கொட்டை கிடையாது.

கன்டோர்ட்டா. முறுக்கு பிழிந்தது போலக் கிளைகள் வளைந்து நெளியும். சாதாரண ஹேசல் வேரில் ஒட்டியிருப்பார்கள். அடியிலிருந்து நேராக எழும் கன்றுகளை வெட்டாவிட்டால் சில வருடத்தில் முறுக்கு மறைந்து காட்டு ஹேசல் மட்டும் நிற்கும். பார்வைக்கு வைக்கலாம்.

டர்கிஷ் ஹேசல், அதாவது கோரிலஸ் கோலுர்னா. ஒற்றை அடிமரத்தோடு உயரமாக வளரும் சாலையோர மரம். கொட்டை சிறியது, ஓடு கல் மாதிரி. கடைப் பாக்கெட்டில் ‘துருக்கி ஹேசல்நட்’ என்று வருவது இந்த மரத்தில் காய்த்தது அல்ல. அது கருங்கடல் ஓரம் ஓர்து, கிரேசுன் மாகாணங்களில் புதராக வளர்க்கும் வழக்கமான ஹேசலின் கொட்டை. இந்தக் குழப்பத்தில் பணம் போனவர்கள் உண்டு.

துருக்கிக் கடையில் கொட்டையை ‘ஃபின்டிக்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள், அரபுக் கடையில் ‘புந்துக்’. இந்தியில் துப்பாக்கியைக் குறிக்கும் ‘பந்தூக்’ இந்தப் புந்துக்கின் வழியாக வந்ததுதான்: கொட்டை, கொட்டை போன்ற உருண்டை, உருண்டையைச் சுடும் கருவி என்று சொல் நகர்ந்திருக்கிறது. இந்தக் கொட்டைகளை விதைத்துக் கன்று ஆக்கலாமே என்று தோன்றும். வறுத்த கொட்டை முளைக்காது. வறுக்காதது மூன்று நான்கு மாதக் குளிருக்குப் பிறகு முளைத்தாலும் தாய் ரகம் போல இருக்காது, காய்க்கவும் கூடுதல் வருடம் எடுக்கும். வேண்டாம்.

2. நடுமுன் வாங்க வேண்டிய அனுமதி

அலாட்மென்ட், அதாவது தோட்டம் போட வாடகைக்கு எடுத்த நிலமா? வாடகை ஒப்பந்தத்தில் மரம் பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். பல இடங்களில் மரம் நட எழுத்துமூல அனுமதி வேண்டும். சில இடங்களில் குட்டை வேர்ச்செடியில் ஒட்டிய பழமரம் மட்டும் அனுமதி. ஆப்பிளுக்கு இருப்பது போலக் குட்டையாக்கும் வேர்ச்செடி ஹேசலுக்குக் கடையில் கிடைப்பதில்லை என்பதால், “கவாத்து செய்து 2 மீட்டர் உயரத்துக்குள் வைத்திருப்பேன்” என்று கடிதத்திலேயே எழுதிக் கேளுங்கள். வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை; நிர்வாகி மாறினால் மரத்தைப் பிடுங்கச் சொல்வார்கள். மின்னஞ்சல் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

வாடகை வீடென்றால் உரிமையாளரிடமும் அதே மாதிரி எழுத்தில் வாங்குங்கள். நான்கு வருடம் கழித்துத்தான் காய்க்கும் என்பதையும் யோசியுங்கள். இரண்டு வருட ஒப்பந்தத்தில் இருப்பவர் அடுத்த குடித்தனக்காரருக்காக நடுகிறார்.

உங்கள் தெரு பாதுகாக்கப்பட்ட பகுதியில் (கன்சர்வேஷன் ஏரியா) வருகிறதா என்று கவுன்சில் இணையதளத்தில் பாருங்கள். நடுவதற்குத் தடையில்லை. பிற்பாடு, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த தண்டை வெட்டுவதென்றால் ஆறு வாரத்துக்கு முன் கவுன்சிலுக்கு அறிவிப்புத் தர வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் தராமல் வெட்டினால் அபராதம். தண்டுகளை அந்தத் தடிமன் வருமுன் மாற்றிக்கொண்டே இருந்தால் இந்தத் தொல்லையே வராது.

பக்கத்து வீட்டுக்காரர் ‘உயர வேலிச் சட்டம்’ என்று பேசினால் கவலைப்பட வேண்டாம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பகுதி பசுமை மாறா வேலிகளுக்கானது, ஹேசல் இலையுதிர்க்கும். ஆனால் எல்லையைத் தாண்டி நீளும் கிளையை அவர் எல்லைக்கோடு வரை வெட்டிக்கொள்ளலாம். வேலியிலிருந்து 2 மீட்டராவது தள்ளி நட்டால் உறவும் கெடாது, கிளையும் போகாது.

இன்னொன்று, காகிதத்தில் வராதது. வீட்டிலோ அடுத்த வீட்டிலோ கொட்டை ஒவ்வாமை உள்ள குழந்தை இருந்தால் இந்த மரம் வேண்டாம். பிர்ச் மரத்தின் மகரந்தத்துக்குத் தும்முகிறவர்களில் பலருக்கு ஹேசல் மகரந்தமும் ஆகாது, பச்சைக் கொட்டை தின்றால் வாய் அரிக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கொட்டை கொடுத்தனுப்புவதும் கூடாது. பல பள்ளிகள் கொட்டையை அனுமதிப்பதில்லை.

3. ஒரு மரம் போதாது

ஹேசலில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில்தான். ஜனவரி முதல் மார்ச் வரை இலையில்லாத கிளையில் மஞ்சள் குஞ்சம் போலத் தொங்குவது ஆண் பூக்கதிர். பெண் பூவைப் பார்க்கக் கண்ணைக் கூர்மையாக்க வேண்டும்: மொட்டின் நுனியில் குங்குமப் பூவின் இழை போலச் சிவப்பாய் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு நீட்டிக்கொண்டிருக்கும். காற்றுதான் தூதுவன், தேனீ அல்ல.

ஆனால் தன் மகரந்தத்தைத் தன் பெண் பூவே ஏற்காது. ஒரே ரகத்தில் பத்து மரம் நட்டாலும் கணக்கு ஒன்றுதான், எல்லாமே ஒரே தாயின் நகல். வேறு ரகம் வேண்டும், இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கவும் வேண்டும். சோதித்துப் பார்த்த ஜோடிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: கென்டிஷ் காப் நட்டால் அதற்குத் துணையாகக் காஸ்ஃபர்டோ கன்ஸ்ல்பெர்ட்டோ வையுங்கள். காஸ்ஃபர்டின் ஓடு மெல்லியது, பல்லால் உடைக்கும் அளவுக்கு, மகரந்தமும் தாராளம். ஒரே ஓர் ஜோடியைச் சொல்லச் சொன்னால் கென்டிஷ் காப், காஸ்ஃபர்ட் என்பேன். வெப்ஸ் பிரைஸ் காப், பட்லர், ஹால்ஸ் ஜயன்ட் ஆகியவையும் எளிதாகக் கிடைக்கும்.

இடம் ஒரு மரத்துக்குத்தான் என்றால்? கண்ணுக்கெட்டும் தூரத்தில் வேலியில் காட்டு ஹேசல் இருக்கிறதா என்று பிப்ரவரியில் நடந்து பாருங்கள். மஞ்சள் குஞ்சம் தெருவிலிருந்தே தெரியும். இருந்தால் ஒன்று போதும். இல்லாவிட்டால், குஞ்சம் விரியத் தொடங்கிய நான்கைந்து கிளைகளைத் தெரிந்தவர் தோட்டத்திலிருந்து அனுமதியோடு வெட்டி வந்து, தண்ணீர் பாட்டிலில் செருகி மரத்துக்குள் கட்டிவிடுங்கள். ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை, ஆனால் பலிக்கும்.

பிப்ரவரியில் மகரந்தம் ஒட்டினாலும் கருவுறுவது கோடைத் தொடக்கத்தில்தான். அதனால் மார்ச்சில் ‘ஒன்றும் பிடிக்கவில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். ஜூலைவரை பொறுங்கள்.

4. வாங்குவது: எப்போது, எவ்வளவுக்கு, என்ன கேட்க

நவம்பர் முதல் மார்ச் வரை வேரில் மண்ணில்லாமல் விற்கும் கன்றுகள் மலிவு, நன்றாகவும் பிடிக்கும். நல்ல ரகங்கள் டிசம்பருக்குள் தீர்ந்துவிடும். செப்டம்பர், அக்டோபரிலேயே முன்பதிவு செய்யுங்கள். கோடையில் தொட்டியில் கிடைப்பதைத் தவிர்க்கலாம். விலையும் கூடுதல், முதல் கோடை முழுக்கத் தண்ணீர் சுமக்க வேண்டியும் இருக்கும்.

விலை கடைக்குக் கடை மாறும். ரகப் பெயருள்ள இரண்டு வயதுக் கன்று ஏறத்தாழ 20 முதல் 35 பவுண்டு, தொட்டியில் வந்தால் 30 முதல் 50. வேலிக்கான காட்டு ஹேசல் குச்சிக்கன்று ஒன்றோ மூன்றோ பவுண்டுக்குக் கிடைக்கும். மலிவைப் பார்த்து அதையே வாங்கிக் கொட்டைக்காகக் காத்திருப்பதுதான் எல்லாரும் விழும் பள்ளம். கூரியர் செலவைத் தனியாகக் கூட்டுங்கள். ஒரு கன்றுக்கும் ஐந்து கன்றுக்கும் பல கடைகளில் ஒரே கட்டணம், பக்கத்து நிலக்காரரோடு சேர்ந்து ஆர்டர் செய்வது லாபம்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “இது சொந்த வேரில் வளர்ந்ததா, ஒட்டுக்கன்றா?” பதியன் போட்டு எடுத்த சொந்த வேர்க் கன்று என்றால் அடியில் கிளம்பும் பக்கக் கன்றுகளும் அதே ரகம், நாளை நீங்களே பதியன் போட்டுப் பெருக்கலாம். ஒட்டுக்கன்று என்றால் பக்கக் கன்று வேறு ரகம், கண்டவுடன் கிழித்தெடுக்க வேண்டும். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

இணையத்தில் வாங்கும் கன்றோடு ‘பிளான்ட் பாஸ்போர்ட்’ என்ற சீட்டு வர வேண்டும். ஏ, பி, சி, டி என்று நான்கு விவரம் இருக்கும்: தாவரப் பெயர், விற்பவரின் பதிவெண், கண்டறியும் குறியீடு, வந்த நாடு. ஏ-யில் உள்ள பெயரை உங்கள் ஆர்டரோடு ஒப்பிடுங்கள். சீட்டைத் தூக்கிப் போடாமல் ஒரு படம் எடுத்து வைத்தால், நான்கு வருடம் கழித்து ரகம் மாறியது தெரியும்போது பேசக் கையில் ஏதாவது இருக்கும். இணைய விற்பனைத் தளங்களில் தனிநபர் விற்கும் சீட்டில்லாக் கன்று வேண்டாம்.

பிரான்ஸுக்கோ துருக்கிக்கோ விடுமுறை போனவர்கள் பெட்டியில் கன்று செருகிக் கொண்டுவர நினைப்பதுண்டு. செய்யாதீர்கள். 2021 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வரும் நடவுச் செடிக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வட அமெரிக்க ஹேசல் தோப்புகளை அழித்த பூஞ்சை நோய் ஒன்று இருக்கிறது. அது போன்ற நோய்களையும் பூச்சிகளையும் உள்ளே விடாமலிருக்கத்தான் இந்தக் கெடுபிடி.

5. நடவு

இடம்: வெயில் விழ வேண்டும்; அரை நிழலிலும் வளரும், ஆனால் காய்ப்பு குறையும். நீர் தேங்காத மண். கார அமிலத்தன்மை (pH) 6.5 முதல் 7.5 வரை இருந்தால் நல்லது, தோட்டக் கடையில் சோதனைப் பெட்டி சில பவுண்டுக்குக் கிடைக்கும். சத்து மிகுந்த மண்ணைத் தேடாதீர்கள். சுமாரான மண்ணில்தான் ஹேசல் ஒழுங்காகக் காய்க்கும். ஊட்டம் கூடினால் ஆளுயரத்துக்குக் குச்சி விடும், கொட்டை விடாது. குழிக்குள் சாணமோ கோழியெருவோ போடும் நம் ஊர்ப் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள்.

கன்று வந்த அன்றே பொட்டலத்தைப் பிரித்து வேரை ஒரு மணி நேரம் தண்ணீரில் வையுங்கள். தரை உறைந்தோ சேறாகவோ இருந்தால் நடாதீர்கள். ஒரு மூலையில் சாய்வாகப் பள்ளம் வெட்டிக் கன்றைப் படுக்கவைத்து வேரை மண்ணால் மூடினால் சில வாரம் தாங்கும். வேர் காய்வதுதான் சாவு. காற்றில் அரை மணி நேரம் கிடந்தாலே மெல்லிய வேர்கள் போய்விடும்.

குழி வேரின் விரிவைவிட அகலமாக, ஆழம் மட்டும் வேரளவுக்கு. தண்டில் பழைய மண் மட்டத்தின் கறை தெரியும். அதே மட்டத்தில் நிற்க வேண்டும். எடுத்த மண்ணையே திரும்பப் போட்டுக் காலால் மிதித்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு மரத்துக்கிடையே 4 முதல் 4.5 மீட்டர். மகரந்தம் தரும் மரத்தைத் தென்மேற்குப் பக்கம் வைத்தால் காற்று உதவும்.

சுற்றி 1 மீட்டர் வட்டத்தில் புல்லை எடுத்துவிட்டு மரச்சில்லு மூடாக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர், தண்டைத் தொடாமல். முயல் வரும் இடமென்றால் தண்டுக்குச் சுருள் காப்பு. முதல் இரண்டு கோடையில் மழையில்லாத வாரம் ஒவ்வொன்றிலும் 10 லிட்டராவது ஊற்றுங்கள். தெளிப்பது தண்ணீர் ஊற்றுவதாகாது.

6. கவாத்து

விட்டால் பத்துப் பன்னிரண்டு தண்டோடு புதராகி உள்ளே இருட்டிப்போகும். கென்ட்டில் செய்யும் முறை கிண்ண வடிவம்: 40 சென்டிமீட்டர் உயரம்வரை ஒற்றைக் கால், அதன் மேல் வெளிப்பக்கம் விரியும் 8 முதல் 12 முதன்மைக் கிளை, நடு வெற்றிடம், மொத்த உயரம் ஏறத்தாழ 2 மீட்டர். ஏணியில்லாமல் பறிக்கலாம்.

முதல் குளிர்காலம் நுனியை 60, 70 சென்டிமீட்டரில் வெட்டுங்கள். கிளம்புவதில் நாலைந்து கிளையை வைத்து மற்றதை நீக்குங்கள். அடுத்த குளிர்காலம் அவற்றைப் பாதியாக, வெளிநோக்கிய மொட்டின் மேல் வெட்டினால் இரட்டிக்கும். அவ்வளவுதான் வடிவம்.

பிறகு ஆண்டுக்கு இரண்டு வேலை. ஆகஸ்டில் ஒரு முறை: அந்த வருடம் ஓங்கி வளர்ந்த பக்கக் குச்சிகளைப் பாதி நீளத்தில் கையால் ஒடித்து, துண்டாக்காமல் தொங்கவிடுங்கள். இதை ‘பிரட்டிங்’ என்பார்கள். கத்தரியால் வெட்டினால் வெட்டிய இடத்திலிருந்து புதுத் துளிர் சீறிக்கொண்டு கிளம்பும். ஒடித்துத் தொங்கவிட்டால் குச்சியின் வேகம் அடங்கி, அடிமொட்டுகள் பூமொட்டாகும், உள்ளே வெளிச்சமும் போகும். பார்க்கப் புயலடித்தது போல இருக்கும், வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, பிப்ரவரிக் கடைசியில் மஞ்சள் குஞ்சம் தூள் உதிர்க்கும் நாளில்: ஒடித்த குச்சிகளை மூன்று நான்கு மொட்டு விட்டு வெட்டுங்கள். அப்போது மரம் குலுங்கி மகரந்தம் பறப்பது கூடுதல் பயன். மெல்லிய சுள்ளிக் கிளைகளை ‘பலவீனம்’ என்று வெட்டிவிடாதீர்கள், பெண் பூ அதிகம் இருப்பது அவற்றில்தான். புதியவர்கள் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அடுத்த பருவத்தின் காயையே வழித்தெடுக்கும் இடம் இது. அடியில் வரும் பக்கக் கன்றைக் கத்தரிக்காமல் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துக் கிழியுங்கள். வெட்டினால் ஒன்று நான்காகும்.

மார்ச் முதல் ஆகஸ்டுவரை பறவைக் கூடு இருக்கிறதா என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள். புழக்கத்தில் உள்ள கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம்.

7. யார் தின்றது? ஓட்டைப் பாருங்கள்

தரையில் கிடக்கும் வெற்று ஓடு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

இரண்டு பாதியாகப் பிளந்திருந்தால் சாம்பல் அணில். உங்கள் முதல் எதிரி. கொட்டை பழுக்கக் காத்திராது, ஜூலைக் கடைசியிலேயே பால்பருவத்தில் தொடங்கி இரண்டு மூன்று நாளில் மரத்தைக் காலி செய்யும். பிளாஸ்டிக் வலை பயனில்லை, கடித்துவிடும். துத்தநாகம் பூசிய கம்பி வலைக் கூண்டுதான் நிச்சயமான தடுப்பு. ஆளுயரக் கூண்டுக்குச் சில நூறு பவுண்டு ஆகும். அது முடியாவிட்டால் மரத்தை வேலி, கொட்டகை, மற்ற மரக்கிளை எதையும் தொடாமல் தனியாக நிறுத்தி, புல்லைக் குட்டையாக வெட்டி, கொட்டையைப் பச்சையிலேயே பறியுங்கள். பொறி வைத்துப் பிடித்த சாம்பல் அணிலைப் பூங்காவில் கொண்டுபோய் விடுவது கருணைபோலத் தோன்றும், ஆனால் சட்டப்படி குற்றம். கொல்வதற்கும் விதியுண்டு; தண்ணீரில் முக்குவது தண்டனைக்குரியது. தெரியாமல் பொறி வாங்காதீர்கள். சிவப்பு அணில் வாழும் பகுதியென்றால் பொறி என்ற பேச்சே வேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட உயிர்.

2 மில்லிமீட்டரில் வட்டத் துளை, உள்ளே தூள்: கூன்வண்டு. கோடைத் தொடக்கத்தில் இளங்காயில் துளையிட்டு முட்டை வைக்கும். புழு உள்ளேயே பருப்பைத் தின்று, கோடைக் கடைசியில் துளைத்துக்கொண்டு வெளியேறி மண்ணுக்குள் போகும். உதிர்ந்த கொட்டைகளை அன்றன்றே பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போடுவதும், குளிர்காலத்தில் மரத்தடி மண்ணை மேலாகக் கிளறிப் பறவைகளுக்குத் திறந்துவிடுவதும் போதும். கோழி வைத்திருந்தால் இன்னும் சுலபம். கம்போஸ்ட் குவியலில் போட்டால் நீங்களே வளர்த்தவர் ஆவீர்கள்.

பெரிய வட்ட ஓட்டை, விளிம்பின் உட்பக்கம் வழவழப்பு, வெளியே சாய்ந்த பற்குறி: டார்மவுஸ். ஹேசலின் பெயரையே தாங்கிய சிறு பிராணி. இதைக் கண்டால் வெட்டு வேலையை நிறுத்துங்கள். அதன் இருப்பிடத்தைக் குலைக்க உரிமம் வேண்டும். இங்கிலாந்தில் நேச்சுரல் இங்கிலாந்து அமைப்பிடம் கேளுங்கள். விளிம்பிலேயே குறுக்கே பற்குறி இருந்தால் சாதாரணக் காட்டெலி, அதற்கு உரிமம் எதுவும் வேண்டாம்.

ஓடு முழுசாக இருந்து உள்ளே ஒன்றுமில்லையா? அது பொக்கு. நிலக்கடலையில் வருவது போலத்தான். யாரும் திருடவில்லை, கருவுறவில்லை. ஆண்டுதோறும் பாதிக்குமேல் பொக்கென்றால் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய் இன்னொரு ரகம் நடுங்கள்.

8. பறிப்பதும் உலர்த்துவதும்

இரண்டு பருவம். ஆகஸ்ட் 20 வாக்கில் மேலுறையும் ஓடும் பச்சையாக இருக்கும்போது பறித்தால் உள்ளே வெள்ளைப் பருப்பு, இளந்தேங்காய்க்கும் பச்சை வேர்க்கடலைக்கும் நடுவில் ஒரு சுவை. இது சேமிக்கும் பொருள் அல்ல. மேலுறையைக் கழற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் சில வாரம். அணில் தொல்லை உள்ள தோட்டத்தில் இந்தப் பருவமே உங்கள் பருவம்.

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர்வரை ஓடு பழுப்பாகி, உலுக்கினால் உதிரும். கீழே பழைய போர்வையை விரித்து உலுக்குங்கள். வாளித் தண்ணீரில் கொட்டி மிதப்பதை எடுத்துவிட்டால் பொக்கு பெரும்பாலும் போய்விடும். பிறகு கம்பித் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமான கொட்டகையில் இரண்டு மூன்று வாரம், தினமும் ஒரு தரம் புரட்டுங்கள். சில புழுக்கள் தட்டில் ஊர்ந்து வரும். கூன்வண்டின் பிள்ளைகள்தான், நசுக்கிவிடுங்கள். உடைத்தால் பருப்பு வளையாமல் ‘டக்’கென்று முறிய வேண்டும். அதுவரை பையில் கட்டினால் பூசணம் பிடிக்கும், பிடித்த கொட்டையைச் சுரண்டித் தின்ன வேண்டாம், எறிந்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்தது ஓட்டோடு வலைப்பையில் தொங்கவிட்டால் அடுத்த கோடைவரை இருக்கும், எலி எட்டாத உயரத்தில்.

காய்ந்த 1 கிலோ ஓட்டுக் கொட்டைக்கு 400 முதல் 450 கிராம் பருப்பு தேறும். 160 டிகிரி அடுப்பில் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் வறுத்து, சூட்டோடு துண்டில் சுற்றித் தேய்த்தால் கசப்புத் தோல் உரியும். இதில் பர்ஃபி செய்வதென்றால், முந்திரி பர்ஃபிக்குச் செய்யும் பாகுப் பதமே இதற்கும் சரி; ஆனால் எண்ணெய் அதிகமென்பதால் மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் மாவுக்குப் பதில் வெண்ணெய் கிடைக்கும்.

9. காய்க்காத மரமும் வீணல்ல

தவறாகக் காட்டு ஹேசலை வாங்கி நட்டுவிட்டவர்கள் பிடுங்க வேண்டாம். கரும்பு மறுதாம்பு விடுவது போல, தரையோடு வெட்டினாலும் ஹேசல் திரும்பத் தழைக்கும். ஏழு முதல் பத்து வருடத்துக்கு ஒரு முறை, டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள், கட்டையைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் தண்ணீர் வழியும்படி சாய்வாக வெட்டுங்கள். மொத்தமாக வெட்டாமல் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்குத் தண்டு என்றால் நிழலும் போகாது. முதல் வருடத் துளிரை மான் மேயும் இடமென்றால் சுற்றிலும் வெட்டிய சுள்ளியையே குவியுங்கள்.

கிடைக்கும் 2.4 மீட்டர்க் கழிகள் அவரைக்கும், கண்ணாடிக் குடிலில் பீர்க்குக்கும் பாகலுக்கும் பந்தல் கால். மூங்கில் வழவழப்பானது, கொடி சறுக்கும். ஹேசல் பட்டையின் சொரசொரப்பில் நன்றாகப் பற்றும். மண்ணில் செருகிய முனை இரண்டு மூன்று பருவத்தில் இற்றுவிடும், அப்போது அதை வெட்டிவிட்டுக் குட்டைக் கழியாகத் தக்காளிக்கு நடலாம். பச்சைக் கழியை வெட்டிய உடனே ஊன்றினால் சில வேளை துளிர்விடும். ஒரு மாதம் நிழலில் காயவிட்டு ஊன்றுங்கள்.